எண்ணெய் மாற்றிய நாள்

1

"28.10.2006, சனி. கி.மீ. 164 310. என்ஜின் எண்ணெய் மாற்றப்பட்டது. ஆறு லீற்றர். வடிகட்டி அடுத்த வருடம்."

எங்கள் வாகனக் குறிப்பேட்டின் பதினொன்றாம் பக்கத்தில், நீல மையில், என்னுடைய கையெழுத்தில் இருக்கிற வரி இது. எழுத்துத் திருத்தமாக இருக்கிறது. பக்கத்தில் ஒரு கறை இல்லை. ஆனால் இதில் சொன்ன காரியம் நடந்ததா என்று எனக்குத் தெரியாது.

இன்று 28.10.2007, ஞாயிறு. விடியப்புறம் ஜேர்மனியின் மணிக்கூடுகளெல்லாம் ஒரு மணித்தியாலம் பின்னால் போயின. யாழ்ப்பாணத்துக்கும் எங்களுக்கும் நேற்றுவரை மூன்றரை மணித்தியால இடைவெளி. இன்றிலிருந்து நாலரை. அந்த வரிக்கு ஒரு வயது முடிந்ததாலும், கைக்கு வேறு வேலை ஓடாததாலும் இதை எழுத உட்கார்ந்தேன்.

2

ஊரில் இதை வாசிக்கிறவர்களுக்கு முதலில் வாகனத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். இங்கே இதை வோன்மொபில் என்பார்கள். படுக்கை, அடுப்பு, சின்னக் குளியலறை எல்லாம் உள்ள பெரிய வான். எங்களுடையது 1988இல் செய்த டீசல் வண்டி. 2001இல் வாங்கினோம்.

ஏன் வாங்கினேன் என்று கேட்டவர்களுக்கு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு காரணம் சொல்லியிருக்கிறேன். ஒரு காரணத்தை மட்டும் சொன்னதில்லை. நான் இந்த நாட்டுக்கு 1985இல் வந்தபோது, அகதி விண்ணப்பம் முடியும்வரை எங்கள் மாவட்டத்தின் எல்லையைத் தாண்டக்கூடாது என்று கடதாசி தந்தார்கள். அந்த எல்லை வுப்பர்டாலில் ஒரு பஸ் தரிப்பிடத்துக்கும் அடுத்த தரிப்பிடத்துக்கும் நடுவே போனது. மூன்று வருடம் அந்த முதல் தரிப்பிடத்தில் இறங்கித் திரும்பி நடந்திருக்கிறேன். அதற்குப் பிறகு கால் ஓரிடத்தில் நிற்பதில்லை. இப்போதும் வீட்டுக்குள் நடந்துகொண்டுதான் ரெலிபோன் பேசுகிறேன்.

சரி, வாங்கினோம். எங்கே போனோம்? குறிப்பேட்டைப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. பாரிசில் மச்சாளின் மகளுடைய சாமத்தியச் சடங்கு. சூரிச்சில் கல்யாணம். மறுபடி பாரிஸ், ஒரு செத்தவீட்டின் அந்தியேட்டிச் சடங்கு. அடுப்பும் படுக்கையும் வைத்த வண்டியில் போய், உறவுக்காரர் வீட்டு மாபிள் தரையில் பாய் விரித்துப் படுத்துவிட்டு வந்திருக்கிறோம்.

இந்த வண்டிக்கு வருடத்தில் ஏழு மாதம்தான் உயிர். இலக்கத்தகட்டின் வலது ஓரத்தில் மேலே 04, கீழே 10 என்று சின்ன எண்கள் இருக்கும். ஏப்ரல் முதலாம் திகதியிலிருந்து ஒக்ரோபர் முப்பத்தோராம் திகதிவரை தெருவில் ஓடலாம். மற்ற ஐந்து மாதமும் ஓடக்கூடாது, தெருவோரத்தில் நிற்கவும் கூடாது. வரியும் காப்புறுதியும் அந்த ஏழு மாதத்துக்கு மட்டும் என்பதால் எங்களைப்போன்றவர்களுக்கு இது வசதி. பனிக்காலத்தில் வண்டி எங்கள் வீட்டிலிருந்து பதினெட்டுக் கிலோமீற்றர் தள்ளி ஒரு பண்ணைக்காரருடைய வைக்கோல் கொட்டிலில் நிற்கும். அவரை ஹெர் பெக்கர் என்போம், ஹெர் என்றால் திரு. ஆறடிக்கு மேல் உயரம், நாலு சொல்லுக்கு மேல் பேசமாட்டார்.

அப்படி மாதக்கணக்கில் நிற்கிற என்ஜினுக்கு எப்போது எண்ணெய் மாற்றுவது? நிற்பாட்டும் முன்னமா, திரும்ப எடுக்கும்போதா? இதில் இரண்டு கட்சி உண்டு.

பீலெஃபெல்டில் இருக்கும் வரதன் அண்ணை முப்பது வருடமாக வாகனம் திருத்துகிறவர். அவர் வசந்தகாலக் கட்சி. "தம்பி, குளிச்சு வெளுத்த உடுப்புப் போட்டுட்டு ஆரும் அஞ்சு மாசம் படுப்பினமோ? எழும்பின பிறகுதான் மாத்திறது" என்பார்.

ஹெர் பெக்கர் இலையுதிர்காலக் கட்சி. தன் உழவு இயந்திரங்களுக்கு எப்போதும் ஒக்ரோபரில்தான் மாற்றுகிறார். காரணம் கேட்டதற்கு, "பல் விளக்காமல் பனிக்கால நித்திரைக்குப் போவாயா?" என்றார்.

நான் இரண்டு பக்கத்தையும் வாசித்துப் பார்த்தேன். பண்ணைக்காரர் சொல்வதே சரி. ஓடிய எண்ணெயில் புகைக்கரி, தண்ணீர், அமிலம் மூன்றும் சேர்ந்திருக்கும். அது என்ஜினுக்குள் ஐந்து மாதம் கிடந்தால் உலோகத்தைத் தின்னும். ஆகவே கடைசியாக ஒரு இருபது கிலோமீற்றராவது ஓட்டி, சூடாக இருக்கும்போதே பழையதை வடித்து, புதியதை விட்டுவிட்டு நிற்பாட்டவேண்டும். வசந்தத்தில் அளவைப் பார்த்தால் போதும். கிலோமீற்றர் குறைவாக ஓடினாலும் வருடத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும். இன்னொன்று, நடுவில் சும்மா ஸ்ராட் பண்ணக்கூடாது. குளிரில் பத்து நிமிடம் ஓடினால் என்ஜின் சூடாகாது. உள்ளே தண்ணீர் படிந்து புது எண்ணெயும் கெடும்.

இந்தக் கடைசி விதியை நாங்கள் ஆறு வருடமாக மீறிவந்தோம். என் மனைவி சாந்திக்கு, பொங்கலன்று வாகனம் ஊமையாக நிற்பது அபசகுனம். தைப்பொங்கலன்று கொட்டிலுக்குப் போய், சில்லுக்கு அடியில் தேசிக்காய் வைத்து, கண்ணாடிக்குச் சந்தனப்பொட்டு வைத்து, பத்து நிமிடம் என்ஜினை ஓடவிட்டு வருவோம். வைக்கோலுக்குப் பக்கத்தில் நெருப்பே கூடாது என்று ஹெர் பெக்கர் சொன்னதால் ஊதுபத்தியைக் கொளுத்தாமல் செருகிவைப்போம். 2007 ஜனவரி 15, திங்கட்கிழமையும் அப்படித்தான் செய்தோம். எனக்குப் பின்னேர வேலை என்பதால் காலையில் போனோம்.

ஹெர் பெக்கர் சத்தம் கேட்டு வந்து பார்த்தார். "எங்கே போகிறீர்கள்?"

"எங்கேயும் இல்லை. இன்று சூரியனுக்கு நன்றி சொல்லும் நாள்."

அவர் வெளியே எட்டிப் பார்த்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. "சூரியனுக்கு," என்றுவிட்டுப் போய்விட்டார்.

3

இனி அந்த 28ஆம் திகதிக்கு வருகிறேன். நினைவில் உள்ளதை மட்டும் எழுதுகிறேன்.

காலை வீட்டிலிருந்து வண்டியை ஓட்டிப் போனேன். கொட்டிலில் நிற்பாட்டினேன். வடிக்கிற தட்டை எடுத்து வெளியே வைத்தேன். குறிப்பேட்டை ஸ்ரியரிங்கின்மேல் வைத்து எழுதினேன். இவ்வளவும் நிச்சயம்.

பிறகு கைத்தொலைபேசி அடித்தது. யாழ்ப்பாணத்திலிருந்து அக்கா. ஆவணியில் சண்டை தொடங்கி யாழ்ப்பாணத்துக்குப் போகிற பாதையைப் பூட்டியதிலிருந்து அவள் வீட்டுக்கு நான் எடுத்தால் கிடைப்பதில்லை. அவளாக எங்கேயோ ஒரு கடையிலிருந்து எடுத்தால்தான் உண்டு. "தம்பி, நாங்கள் வீட்டை விட்டு வெளிக்கிடுறம். இந்த நம்பருக்கு எடுக்காதை. பிள்ளையள்..." என்றாள். அதோடு அறுந்துவிட்டது.

அதற்குப் பிறகு அந்தக் கொட்டிலில் எவ்வளவு நேரம் நின்றேன், என்ன செய்தேன் என்பது ஒரு கோடுகூட இல்லாமல் அழிந்துபோயிருக்கிறது. வெளியே முற்றத்தில் அலைவரிசை நன்றாகக் கிடைக்கும் என்று அங்கும் இங்கும் நடந்தது தெரியும். பின்னேரம் சாந்தி காரில் வந்து ஏற்றிக்கொண்டு போனதும் தெரியும். அன்றிரவு மணிக்கூட்டைத் திருப்பி வைத்தது நான்தான்.

அக்கா பத்தொன்பது நாள் கழித்து எடுத்தாள். வேறு ஊரில், ஒரு தெரிந்தவர் வீட்டில், எல்லாரும் சுகம் என்றாள்.

4

எங்கள் மகள் அபிராமிக்கு இந்த வருடம் இருபத்திரண்டு. தாதிப் பயிற்சியை, இங்கே சொல்வதுபோல் அவளுடைய அவுஸ்பில்டுங்கை, மார்ச்சில் முடித்தாள். வேலை ஜூன் முதலாம் திகதி ஃப்ரைபுர்க்கில். எங்களிடமிருந்து நானூறு கிலோமீற்றருக்கு மேல். மருத்துவமனைகள் வுப்பர்டாலிலும் இருக்கின்றன என்று நான் சொல்லவில்லை. சாந்தி சொன்னாள், மூன்று தரம்.

ஒரு சாப்பாட்டு நேரம் அபிராமி கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டாள். "அப்பா, வோன்மொபில் திறப்பைத் தருவீங்களோ? ஏப்ரல் முதலாம் திகதியிலயிருந்து மே நடுப்பகுதி மட்டும். நானும் யூலியாவும் போர்த்துக்கல் போறம்."

யூலியா அவளோடு பயிற்சி செய்த பெண். எங்கள் வீட்டு இடியப்பத்துக்குத் தக்காளிச் சோஸ் ஊற்றிச் சாப்பிடுவாள்.

"ரெண்டு பெட்டைப் பிள்ளையள் தனியவோ? அந்தக் கிழட்டு வானிலயோ?" என்றாள் சாந்தி.

"அம்மா, அந்தக் கிழட்டு வான் ஆறு வருசமா மச்சாளவையின்ர வீட்டு வாசல்லதான் நிக்குது. ஒரு கடலைக்கூட இன்னும் பாக்கேல்லை. பாவம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, "முதல்ல வாகனத்தைப் பாப்பம்" என்றேன். அது பதில் இல்லை என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

24.03.2007, சனிக்கிழமை, நாங்கள் இருவரும் கொட்டிலுக்குப் போனோம். அவள் இருக்கைக்குக் கீழே உள்ள பெட்டியைத் திறந்தாள்.

"அப்பா, இதென்ன?"

ஐந்து லீற்றர் எண்ணெய்க் கலன் ஒன்று, ஒரு லீற்றர்க் கலன் ஒன்று. வருடாவருடம் நான் வாங்குகிற அதே கணக்கு. இரண்டும் முத்திரை உடைக்காமல் இருந்தன.

"மலிவு விற்பனை வந்தால் ரெண்டு முறைக்கும் சேர்த்து வாங்குவன்" என்றேன். அது உண்மை. அப்படி வாங்கிய வருடங்களும் உண்டு. 2006இல் வாங்கினேனா என்று நினைத்தேன். வெறுமையாக இருந்தது.

அளவுக்கம்பியை இழுத்துப் பார்த்தோம். அளவு சரி. நிறம் கறுப்பு. அப்போது வந்த ஹெர் பெக்கரிடம் காட்டினேன். அவர் விரலில் தொட்டு உரசிப் பார்த்தார். "டீசல். புதியதை விட்டாலும் ஐந்து நிமிடத்தில் கறுத்துவிடும். பனிக்காலத்தில் ஓட்டாமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்." பிறகு என்னைப் பார்த்து, "சூரியன்," என்றார்.

அவருடைய ஆயுளில் அவர் சொன்ன ஒரே பகிடி அதுவாக இருக்கவேண்டும்.

5

நான் விடவில்லை. எண்ணெய் வடிக்கிற ஆணிக்கு ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு செப்பு வளையம் போடவேண்டும். 2001இல் பத்து வளையம் உள்ள பெட்டி வாங்கினேன். 2001 தொடங்கி 2005 வரை ஐந்து முடிந்தது. இப்போது ஐந்து இருந்தால் போன ஒக்ரோபரில் மாற்றவில்லை. நாலு இருந்தால் மாற்றியிருக்கிறேன்.

பெட்டியைக் கவிழ்த்து எண்ணினேன். நாலு.

"பாத்தியோ?" என்றேன். கொட்டிலில் என் குரல் தேவைக்கு மேல் சத்தமாகக் கேட்டது.

அபிராமி குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் எட்டு வருடம் படித்தவள். மெதுவாக, விரலை வைத்து, எழுத்து எழுத்தாக வாசிப்பாள். "அப்பா. ரெண்டாயிரத்து நாலு. 'வளையம் ஒன்று வைக்கோலுக்குள் விழுந்தது. தேடினேன்.' பிறகு? எடுத்தீங்களோ?"

அதற்குமேல் அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எடுத்திருந்தால் நாலு என்பது மாற்றிய கதை. எடுக்காமல் இன்னொன்று போட்டிருந்தால் நாலு என்பது மாற்றாத கதை.

அவள் திரும்பவும் பக்கங்களைப் புரட்டினாள். இந்த முறை வாசிக்கவில்லை, பார்த்தாள். "எல்லாப் பக்கமும் துப்புரவா இருக்கு. ஒரு விரல் அடையாளம்கூட இல்லை. ஒயில் மாத்தின கையோட எழுதின பக்கம் இப்பிடி இருக்குமோ? நீங்கள் எப்ப எழுதுறனீங்கள் அப்பா? முதலோ, பிறகோ?"

ஆறு வருடத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. "முதல்" என்றேன். "கை ஊத்தையாகிவிடும் எண்டு."

"அப்ப இது நடந்தது இல்லை. நடக்கப்போறது."

இந்த இடத்தில் நான் ஏன் திகதி எழுதுகிறவனானேன் என்பதைச் சொல்லவேண்டும். 1986இல் இங்கே அகதி விண்ணப்பத்துக்காக என்னை விசாரித்தார்கள். ஊரில் இராணுவம் எங்கள் வீட்டுக்கு வந்த நாளைக் கேட்டார்கள். எனக்குத் துல்லியமாகத் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொன்னால் பொய் சொல்கிறேன் என்று நினைப்பார்கள் என்று பயந்து, மார்ச் 14 என்றேன். மூன்று மணித்தியாலம் கழித்து வேறு விதமாக அதையே கேட்டார்கள். மார்ச் 17 என்றேன். நிராகரித்து வந்த கடிதத்தில் அந்த இரண்டு திகதிகளும் ஒன்றின்கீழ் ஒன்றாக இருந்தன. 'முரண்பட்ட கூற்று' என்று எழுதியிருந்தது. பிறகு பல வருடம் கழித்து வேறொரு வழியில் இருக்க அனுமதி கிடைத்தது. ஆனால் அந்தக் கடிதம் வந்த கிழமையே முதல் குறிப்புப் புத்தகத்தை வாங்கினேன். இனி ஒருவரும் என்னை அப்படிப் பிடிக்கக்கூடாது என்று.

இருபத்தொரு வருடம் கழித்து என் மகள் பிடித்தாள்.

"சரி, இப்பவே மாத்துவம்" என்றாள் அவள். "ஒயில் இருக்கு, வளையம் இருக்கு. ஒரு மணித்தியால வேலை."

"ஏலாது. சூடாக்கித்தான் வடிக்கவேணும். சூடாக்க ஓட்டவேணும். ஒண்டாம் திகதிக்கு முதல் றோட்டில ஓட்ட ஏலாது."

"அப்ப ஒண்டாம் திகதி மாத்துவம்."

"அண்டைக்கு ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை இஞ்ச ஆர் வாகன வேலை செய்ய விடுவினம்? திங்கட்கிழமை எனக்குக் காலை வேலை. செவ்வாய் பாப்பம். அதோட வடிகட்டியும் மாத்தவேணும். அதுக்குப் பிறகு ஈஸ்டர். எதுக்கும் வரதன் அண்ணையையும் ஒருக்காக் கேட்டு..."

நான் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. அதுதான் கூச்சமாக இருந்தது. பொய்யே சொல்லாமல் ஒருவரை ஒரு எல்லைக்குள் நிற்பாட்டலாம். எனக்கு அதைச் செய்தவர்களும் பொய் சொல்லவில்லை.

அபிராமி குறிப்பேட்டை மூடினாள். "அப்பா, இது ஒயில் பிரச்சினை இல்லை. ஒயில் மாத்தினால் நான் போகலாமோ? ஓம் எண்டோ இல்லை எண்டோ சொல்லுங்கோ."

அவள் கோபமாகக் கேட்கவில்லை. ஒரு நோயாளியிடம் எங்கே நோகிறது என்று கேட்கும் குரல் அது. அந்தக் குரலுக்கு மூன்று வருடம் பயிற்சி எடுத்திருக்கிறாள்.

நான் கொட்டிலின் வாசல்வரை நடந்து போனேன், திரும்ப வந்தேன். இல்லை என்றால் அவள் யூலியாவின் காரில் போவாள். ஓம் என்றால் என் வாகனத்தில் போவாள். எப்படியும் ஜூன் முதலாம் திகதி ஃப்ரைபுர்க். என் கையில் இருந்தது, அவள் எதில் போகிறாள் என்பதும், என்ன நினைத்துக்கொண்டு போகிறாள் என்பதும்தான்.

"எனக்குப் பயமா இருக்கு பிள்ளை" என்றேன். "ஒயில் மாத்தினால் போகலாம். ஓம்."

"பயமா இருக்கு எண்டு முதலே சொல்லியிருக்கலாமே," என்றாள். "நீங்கள் வளையம் எண்ணியிருக்கத் தேவையில்லை."

6

01.04.2007, ஞாயிறு. காலை ஏழரைக்குக் கொட்டிலுக்குப் போனோம். யூலியா வழியில் ரொட்டி வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். சாந்தி மூன்று போத்தல் ஊறுகாயும் ஒரு சின்ன அரிசிப் பையும் கட்டிக்கொடுத்திருந்தாள். போர்த்துக்கலில் அரிசி இருக்கிறதென்று சொன்னோம், அவள் கேட்கவில்லை. வெளிக்கிடும்போது சில்லுகளுக்கு முன்னால் வைக்க நாலு தேசிக்காயும் கொண்டுவந்திருந்தாள். "இண்டைக்கெண்டாலும் இது ஓடப்போகுதுதானே, ஒருத்தரும் ஒண்டும் கதைக்கக்கூடாது" என்றாள். ஹெர் பெக்கர் ஞாயிறென்றும் பாராமல் முற்றத்தைத் தந்தார். வேலியின்மேல் கையை ஊன்றி நின்று எல்லாவற்றையும் பார்த்தார்.

அபிராமி ஓட்டினாள். நான் பக்கத்தில் இருந்தேன். இருபத்தைந்து கிலோமீற்றர் போய்த் திரும்பினோம். பாதையில் அந்தப் பழைய இரண்டு பஸ் தரிப்பிடங்களும் வந்தன. காட்டவில்லை. அவள் ஐம்பதில் ஓட்டிக்கொண்டிருந்தாள். பத்துச் செக்கனில் இரண்டும் போய்விட்டன.

சூடாக வடித்தோம். அவள்தான் கீழே படுத்து ஆணியைக் கழற்றினாள். முழங்கைவரை கறுத்துவிட்டது. வடிகட்டியையும் மாற்றினோம். செப்பு வளையம் ஒன்று போட்டோம். மூன்று மிச்சம், இப்போது நிச்சயமாக. குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு துணியைத் தேடினேன். அதற்குள் அவள் அதைப் பறித்து, துடைக்காத கையால், கோணல் எழுத்தில் எழுதினாள்: "1.4.07. ஒயில் மாத்தினம். அபி." பக்கத்தின் ஓரத்தில் அவளுடைய பெருவிரல் ரேகை முழுதாகப் பதிந்தது.

பதினொன்றே காலுக்கு வெளிக்கிட்டார்கள். சாந்தி அழவில்லை. "ஒவ்வொரு நாளும் எடுக்கவேணும், என்ன?" என்றாள். "கிழமைக்கு ரெண்டு" என்றாள் அபிராமி. "மூண்டு" என்றாள் சாந்தி. அப்படியே முடிந்தது. தேசிக்காய்கள் நசுங்கின சத்தம் கேட்டது. ஹெர் பெக்கர் ஒரு துண்டைப் பொறுக்கி முகர்ந்து பார்த்தார்.

7

மே 13 திரும்பினாள். 5 840 கிலோமீற்றர் ஓடியிருந்தாள். வண்டிக்குள் எல்லா மடிப்பிலும் கடல் மணல். ஜூன் முதலாம் திகதி வேலைக்குப் போனாள். இப்போது கிழமைக்கு ஒன்று எடுக்கிறாள். சந்திப்பு நேரத்துக்கு டெர்மின், வீட்டு விண்ணப்பத்துக்கு அன்ட்ராக் என்று பாதி ஜேர்மனில் பேசுகிறாள். நானும் பாதி ஜேர்மனில் பதில் சொல்கிறேன் என்பதைச் சாந்தி சொல்லித்தான் கவனித்தேன்.

நேற்று, 27ஆம் திகதி, தனியாகப் போய் எண்ணெய் மாற்றினேன். பின்னேரம் அபிராமி எடுத்தாள்.

"எழுதினீங்களோ?"

"ஓம்."

"முதலோ, பிறகோ?"

"பிறகு. பக்கமெல்லாம் ஊத்தை."

"குட்," என்றாள்.

வரும் பொங்கலுக்கு என்ஜினைத் தொடுவதில்லை என்று சாந்தி ஒத்துக்கொண்டிருக்கிறாள். தேசிக்காய் மட்டும் வைப்பதாம். சில்லு நசுக்காத தேசிக்காயால் என்ன பிரயோசனம் என்று கேட்டேன்.

இன்று காலை அக்காவின் அழைப்பு வந்தது. அன்றைய நாளுக்கு அவள் ஒருத்திதான் சாட்சி என்பது எனக்குப் பல மாதமாகத் தெரியும். கேட்க வாய் வரவில்லை. இன்று கேட்டேன். போன வருடம் வீடு விட்டு வெளிக்கிட்ட அன்று எனக்கு எடுத்தாயே, நான் என்ன சொன்னேன் என்று.

அக்கா சிரித்தாள். "நாங்கள் பிள்ளையளையும் கொண்டு ஓடுறம், உனக்கு உன்ர வானைப் பற்றி யோசனை. 'அக்கா, கையெல்லாம் ஒயில், ஒரு நிமிசம்' எண்டு சொன்னனி. அதுக்குள்ள அறுந்துபோச்சு."

"நிச்சயமோ அக்கா? அண்டைக்கோ?"

"அண்டைக்கோ, அதுக்கு முந்தின வருசமோ, ஆருக்கடா ஞாபகம்? நான் எப்ப எடுத்தாலும் நீ கையில ஏதோ ஒட்டிக்கொண்டுதான் நிக்கிறாய்."

ரெலிபோனை வைத்துவிட்டுப் பதினொன்றாம் பக்கத்தைத் திறந்தேன். பழைய வரியை வெட்டவில்லை. அதன் கீழே, இன்றைய திகதியிட்டு, கறுப்பு மையில் எழுதினேன். 28.10.2006 அன்று எண்ணெய் மாற்றப்பட்டதா என்பது உறுதி செய்யப்படவில்லை. எனக்குத் தெரியாது.